பூதக்கண்ணாடியின் இடது கால்

"ஐம்பத்திரண்டு வயதுப் பெண். தையல் தொழிற்சாலையில் அமர்ந்து செய்யும் இலகுவான பணி. அமைதியான சுபாவம். சிகிச்சை முறை விளக்கப்பட்டது. நோயாளி சந்தேகம் எதுவும் எழுப்பவில்லை. ஒத்துழைப்பு நன்று."

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாளில் அவளைப் பற்றி இப்படித்தான் இருக்கிறது. வயது சரி. பெண் என்பதும் சரி. மற்றதையெல்லாம் எழுதியவர் வேறு யாரையோ பார்த்து எழுதியிருக்க வேண்டும், அல்லது அவளைப் பார்த்த களைப்பில் எழுதியிருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. தைத்து முடிந்த சட்டைகள் கடைசியாக வந்து சேரும் செக்கிங் மேசை அவளுடையது. இடுப்பு உயரத்துக்கு மேசை. தலைக்கு மேல் கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கு. சட்டையை விரித்துக் காலரில் தொடங்குவாள். தோள், கை, பக்கத் தையல் என்று இறங்கிக் கீழ் மடிப்பில் முடிப்பாள். குறை கண்ட இடத்தைச் சுட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். திருத்தக் கூடியது ஆல்டர் கூடைக்குப் போகும், தேறாதது ரிஜெக்ட் கூடைக்கு. பேனாவால் குறிப்பது பெரும் பாவம், மை போகாது. அம்பு இல்லாமல் அவள் மேசையைத் தாண்டிய சட்டை உலகத்தில் எந்த மேனியிலும் தைரியமாக ஏறலாம்.

போலீஸ்காரரும் தணிக்கைக்காரரும்கூடச் சம்பளத்துக்குச் சந்தேகப்படுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் வேலை முடிந்ததும் மனிதர்களாகிவிடுவார்கள். இவள் சந்தேகத்தை வீட்டுக்கும் எடுத்து வருவாள். "இன்னைக்குச் சாப்பாடு நல்லா இருக்கே" என்று கணவர் சொன்னால், "எதுக்கு இப்போ அதைச் சொல்றீங்க?" என்பாள். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர். நாள் முழுக்க நிற்கும் மனைவிக்குப் பதில் சொல்லும் சமயம் மட்டும் எழுந்து நின்றுகொள்வார்.

அவளை மிகவும் உறுத்தும் சொல் ஒன்று உண்டு. கோணல் பையைத் தைத்தவளும் பொத்தானை மாற்றி வைத்தவளும் அவள் முன்னால் வந்து, "சின்ன விஷயம்தானேக்கா" என்பார்கள். சின்ன விஷயம் என்று யாராவது தொடங்கினால் அவள் விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே இழுப்பாள்.

தொழிற்சாலையில் நாற்காலி கேட்டுக் கெஞ்சாதவர்கள் கிடையாது. இவளுக்கு மட்டும் ஒரு முறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அதன் மேல் ஆல்டர் கூடையை வைத்துக்கொண்டு நின்றபடியே வேலையைப் பார்த்தாள். உட்கார்ந்தால் சட்டையின் பாதிதான் தெரியுமாம். மீதிப் பாதியை, பக்கத்தில் நிற்பவர் பேச்சை நம்பி விட வேண்டியதுதானாம். அவளுக்கு அது ஆகாது.

இப்படி நின்று நின்றே இடது காலில் நரம்பு புடைத்துக்கொண்டது. ரத்தக் குழாய் என்று டாக்டர்கள் திருத்துவார்கள். ஊரே நரம்பு என்றுதான் சொல்லும். முழங்காலுக்குக் கீழே பச்சை நிறத்தில் நெளிந்து, சுருண்டு, மடங்கி, சின்னக் கைப்பிள்ளை நூல்கண்டை வைத்து விளையாடியது போல இருந்தது. வெரிகோஸ் என்று அதற்குப் பெயர் இருப்பது அவளுக்குத் தெரியும். காலைச் சுற்றின பாம்பு கடிக்காமல் விடாது என்பதும் தெரியும். ஆனால் சட்டையில் நூலிழை பிசகினால் பிடித்துவிடும் அந்தக் கண்கள், தன் காலை மட்டும் பார்க்காமலே பாஸ் செய்து வந்தன. கணுக்காலின் உட்பக்கத் தோல் கருத்தது, அரித்தது, ஒரு நாள் பிளந்து புண்ணாயிற்று. புண் ஆறவில்லை. அவள் தடித்த காலுறை மாட்டிக்கொண்டாள்.

காட்டிக் கொடுத்தது அவளேதான். ஒரு மதியம், வெள்ளைச் சட்டை ஒன்று மேசையிலிருந்து நழுவி அவள் கால் மேல் விழுந்தது. எடுத்து விரித்தால் கீழ் மடிப்பில் மஞ்சளாக ஓர் ஈரம். புண்ணிலிருந்து காலுறை வழியாகக் கசிந்தது. யாரும் பார்க்கவில்லை. சட்டையைச் சுருட்டி ரிஜெக்ட் கூடைக்கு அடியில் தள்ளியிருந்தால் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போயிருக்கும். கை கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் கறையைச் சுட்டி அம்பு ஒட்டி ஆல்டரில் போட்டுவிட்டாள். அன்று மாலைக்குள் அந்தச் சட்டை மேலாளர் கையில் இருந்தது. அவர் அவளைவிட வயதில் இளையவர். மேலாளராவதற்கு முன் அவள் மேசையில்தான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இது என்ன கறைக்கா? எண்ணெயா?"

"இல்ல."

"துருவா?"

"இல்ல சார்."

"பின்ன யாரோடது?"

"என்னோடதுதான்."

மேலாளர் அவள் காலைப் பார்த்தார். பிறகு மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. புண் ஆறுற வரைக்கும் பிசிறு பெஞ்சுல உட்காருங்க. சரக்கு வாங்குறவங்க ஆளு சீக்கிரம் பார்க்க வருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள ஆறிடுச்சுன்னு டாக்டர் தாள் கொண்டாந்தீங்கன்னா மேசை உங்களோடது. இல்லன்னா பெஞ்சுலேயே இருந்துடுங்க. நாள் முழுக்க உட்கார்ந்துக்கிட்டே இருக்கலாம்."

கடைசி வாக்கியத்தை அவர் பரிசு கொடுப்பதுபோலச் சொன்னார். பிசிறு பெஞ்சில் தொங்கும் நூல்முனைகளைக் கத்தரிப்பார்கள். தொழிற்சாலையில் பாதிப் பேர் அந்த இடத்துக்கு ஏங்குகிறவர்கள். அவள் முகத்தில் மட்டும் நாடு கடத்தப்பட்டவளின் களை.

"மேசைக்கு யாரு?" என்றாள்.

மேலாளர் மறுபடி சுவரைப் பார்த்தார். "உங்க நாத்தனாரைத்தான் போட்டிருக்கேன்."

நாத்தனார் என்றால் கணவரின் தங்கை. இஸ்திரிப் பகுதியில் வேலை. அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அந்த வாய் நிறைவையே பூதக்கண்ணாடி நெடுநாளாகச் சந்தேகித்து வந்தாள். இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் காலையில் கண்ணாடி முன் நின்று, தன் காலை முதல் தடவையாக விளக்கில் வைத்துச் செக் செய்தாள். தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. புடைப்பு, சுருள், கருப்பு, புண் என்று கண்ட இடத்திலெல்லாம் அம்பு ஒட்டினாள். வேனில் ஏறும்போது கணவர், "தீபாவளிக் கடை விளம்பரம் மாதிரி இருக்கு" என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, "கதவை நல்லா சாத்திக்கோ" என்று முடித்தார்.

பதிவு மேசையில், என்ன வேலை என்று கேட்டார்கள். பொய் அவளுக்கு வராது. "இப்போதைக்கு உட்கார்ந்து செய்யுற வேலை" என்றாள். அவர்கள் இப்போதைக்கு என்பதை விட்டுவிட்டு எழுதிக்கொண்டார்கள்.

ரத்தக் குழாய் டாக்டர் தணிந்த குரல்காரர். காலைப் பார்த்தார், அம்புகளைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"குறை இருக்கிற இடம். நீங்க ஒண்ணும் விட்டுடக் கூடாதுல்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. அது அவர் கணக்கில் வரவு. ஆனால் ஸ்கேன் கருவியில் குளிர்ந்த பசையைத் தடவி, அம்பு ஒன்றைக்கூடப் பொருட்படுத்தாமல் நேரே மேல் தொடைக்குப் போனார். அங்கே அம்பும் இல்லை, புடைப்பும் இல்லை, வலியும் இல்லை. அது அதே கணக்கில் பற்றாக எழுதப்பட்டது. அவளை நிற்க வைத்து, ஒரு கையால் கெண்டைக்காலைப் பிசைந்து விட்டார். கருவி 'விஸ்' என்று ஒரு தரம் சீறியது. பிறகு நீளமாகப் பெருமூச்சு விட்டது.

"கேட்டீங்களா? முதல் சத்தம் ரத்தம் மேல போறது. ரெண்டாவது, போனது திரும்பிக் கீழ விழுறது. உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கும்மா. மேல போனதைத் திரும்ப விடாது. உங்களுக்கு இங்க, தொடையில கதவு பழுது. அதனால ரத்தம் பூராவும் கணுக்கால்ல போய் அழுத்துது. புண் அங்க, குறை இங்க."

"சத்தம் மெஷின்தானே போடுது?"

"ஆமா."

"எல்லாருக்கும் அப்படித்தான் போடுமோ என்னமோ."

டாக்டர் வலது காலில் வைத்துக் காட்டினார். ஒரு சீறலோடு நின்றது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். மெஷின்காரன் பக்கம் மெஷின் பேசாமல் யார் பக்கம் பேசும்?

டாக்டர் விளக்கினார். பழைய காலம் மாதிரி கீறி, நரம்பை உருவி எடுக்க வேண்டியதில்லை. முழங்கால் பக்கம் ஊசி நுழையும் ஓட்டை ஒன்று போதும். அதன் வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சூடு கொடுத்து, பழுதான குழாயை உள்ளேயே மூடிவிடுவார்கள். சிலருக்குச் சூட்டுக்குப் பதிலாக ஒரு பசை வைத்து ஒட்டிவிடுவதும் உண்டு. வெளியே நெளிகிற சின்னதுகளுக்கு, தேவைப்பட்டால் பிறகு நுரை மருந்து ஊசி. மயக்கம் வேண்டாம். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம்.

தையல் இல்லை என்றபோதே அவள் புருவம் ஏறிவிட்டது. பசை என்றதும் இறங்க மறுத்தது. பசை வைத்து ஒட்டிய மடிப்பு ஒரு துவைப்புக்குத் தாங்காது என்பது அவள் மேசைக்கு வரும் பொத்தானுக்குக்கூடத் தெரியும்.

"பயப்படாதீங்க," என்று டாக்டர் முடித்தார். "சின்ன விஷயம்மா."

அவள் எழுந்துகொண்டாள்.

கிளம்பியவளுக்கு டாக்டர் ஒன்று மட்டும் செய்து காட்டினார். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, "நான் சொல்றது நம்பிக்கை இல்லன்னா நீங்களே பாருங்க" என்று அவளைப் படுக்க வைத்தார். காலைத் தூக்கிப் பிடித்தார், புடைப்பெல்லாம் வடிந்தது. தொடையில் ஒரு ரப்பர் வாரைக் கட்டி நிற்கச் சொன்னார். கால் தட்டையாகவே இருந்தது. வாரை அவிழ்த்தார், மேலிருந்து கீழாக நரம்பு புடைத்து இறங்கியது.

"உங்க வாரு உங்க பேச்சைத்தானே கேட்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வேனில் கணவரிடம் குமுறினாள். "புண்ணு கணுக்கால்ல. இவரு தொடைக்கு வைத்தியம் பார்க்குறாராம்."

"தொடையும் உன் கால்தானேம்மா."

"கீழ் மடிப்பு பிரிஞ்ச சட்டையைக் கொண்டு போனா காலரை மாத்துறேங்கிறாரு. நான் விடுவேனா?"

"எனக்கென்ன தெரியும். நான் சட்டையைப் போட்டுக்கிறவன்."

அடுத்த நாள் மறுபடி பிசிறு பெஞ்சில் உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் கையில், கண் மேசையில். நாத்தனார் வெள்ளை விளக்கின் கீழே நின்று சட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு கோணல் காலரைப் பாஸ் செய்துவிடுவாள், கையோடு பிடிக்கலாம் என்று பூதக்கண்ணாடி காத்திருந்தாள். நாத்தனாரோ நல்ல சட்டைக்கெல்லாம் அம்பு ஒட்டி ஆல்டரில் குவித்துக்கொண்டிருந்தாள். இதுவும் ஒரு தந்திரமாகவே பட்டது. கண்டிப்பில் என்னை மிஞ்சிக் காட்டப் பார்க்கிறாள்.

தேநீர் வேளையில் நாத்தனார் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு அண்ணி?"

சொன்னாள். நாத்தனார் கையை உதறினாள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இதே நோய்க்குப் பழைய முறையில் அறுவை நடந்தது. அந்தக் கதையைச் சொல்லக் கிடைத்த எந்த வாய்ப்பையும் அவள் இதுவரை வீணாக்கியதில்லை.

"எனக்குத் தொடை மடிப்புலேயும் கணுக்கால்லேயும் கீறி, உள்ள இருந்து நரம்பை உருவி எடுத்தாங்க அண்ணி. எத்தனை நாள் படுக்கை! தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு. அதுக்குப் பேரு வைத்தியம். ஊசியில போய் ஊசியிலேயே வர்றதெல்லாம் கொசுக்கடி."

"நான் படுத்த படுக்கையா கிடக்கணும்னு உனக்கு ஏன்டி இவ்வளவு ஆசை?"

"ஐயோ சாமி! இவங்ககிட்ட நல்லது சொன்னா அதுக்கும் ஒரு அம்பு."

ஆனால் அம்பு ஒட்டியாகிவிட்டது. படுத்துக் கிடந்தால் சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் வந்து போய்விடுவார். மேசையும் போய்விடும். அப்படியானால் பெரிய அறுவை என்பது நாத்தனாரின் சூழ்ச்சி. பெரிய அறுவை சூழ்ச்சி என்றால், அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம் என்கிறவர்? அவரும் சூழ்ச்சிக்காரர்தான், ஆனால் யார் பக்கத்துச் சூழ்ச்சி என்பது விளங்கவில்லை. நம்பிக்கை மனிதர்களை ஒரு முடிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பார்கள். இவளை இரண்டு சந்தேகங்கள் இருபக்கமும் பிடித்துத் தள்ளி நடுவழியில் நிறுத்தின.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், பழைய கால்சட்டை ஒன்றின் இடுப்பிலிருந்து இலாஸ்டிக்கை உருவினாள். டாக்டரின் வார் இல்லை. தான் இழுத்துப் பார்த்துத் தரம் அறிந்த இலாஸ்டிக்.

"என்னங்க, இங்க வாங்க. இப்படி உட்காருங்க. கால் தோள்ல இருக்கட்டும்."

கணவர் கட்டிலோரம் தரையில் அமர்ந்து, அவள் குதிகாலைத் தோளில் வாங்கிக்கொண்டார். "பரவாயில்லையே. இத்தனை நாள் தலை மேலதான் ஏறி உட்கார்ந்திருந்தே. இப்ப தோளுக்கு இறங்கிட்டே."

"ஆடாம இருங்க."

நரம்புகள் மெல்ல வடிந்தன. அவள் தொடையில் இலாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். கால் சும்மா இருந்தது. நிற்கும்போது இப்படித் தட்டையாகத் தன் காலை அவள் பார்த்து வெகு காலம் ஆகிவிட்டது. முடிச்சை இழுத்தாள். முழங்காலின் பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று எழுந்து, வளைந்து, கீழே கீழே புடைத்துக்கொண்டு போயிற்று. புண்ணை நோக்கி.

"மேலேருந்துதான் வருது" என்றார் கணவர்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அப்படியே ஆயிற்று. வலது காலில் கட்டிப் பார்த்தார்கள். கட்டினாலும் அவிழ்த்தாலும் அது அசையவில்லை.

"இப்ப நீங்க படுங்க."

"நான் எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?"

அவர் படுத்தார். அவருடைய காலைத் தூக்கி, கட்டி, அவிழ்த்து, விளக்கின் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "ம். உங்க கால் பாஸ்."

"கல்யாணம் ஆனதுலேருந்து இப்பதான் வாயில அந்தச் சொல்லு வருது" என்றார் கணவர், படுத்தபடியே.

கீழ் மடிப்பு சுருங்கி வந்த சட்டையை அவள் எத்தனையோ முறை ஆராய்ந்திருக்கிறாள். மடித்துத் தைத்தவள் மேல் பிழை இருக்காது; துணியை வெட்டும்போதே மேலே எங்கோ கோணியிருக்கும். சட்டை விஷயத்தில் அவள் நன்றாக அறிந்த இந்தச் சங்கதி, தலையிலிருந்து காலுக்கு இறங்கி வர மட்டும் இத்தனை நாள் பிடித்திருக்கிறது. டாக்டர் சொன்னது சரி என்று அவள் சொல்லவில்லை. தப்பு என்று சொல்ல முடியவில்லை. அந்த அளவுக்கு அவள் யாரிடமும் இறங்கி வந்தது கிடையாது.

மறுபடி போனாள். இந்தத் தடவை அம்பு இல்லை, கேள்விகள்தான் இருந்தன. டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"அந்தக் குழாயை மூடிட்டா ரத்தம் எங்க போகும்?"

"உள்ள ஆழத்துல பெரிய குழாய் இருக்கு. இப்பவே பெரும்பாலும் அதுலதான் போகுது. இது சந்து. சந்தை மூடினா வண்டி மெயின் ரோட்டுல போகும்."

"மெயின் ரோடு நல்லா இருக்கா?"

"அதையும் ஸ்கேன்ல பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"பசையா?"

"உங்களுக்குச் சூடுதான். பசை வேண்டாம்."

"திரும்ப வருமா?"

"வரலாம். வேற இடத்துல, வேற குழாய்ல. வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. மணிக்கணக்கா ஆடாம அசையாம நின்னா, வர்றதுக்கு நீங்களே வழி விட்ட மாதிரி."

இந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. வரவே வராது என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள்.

சிகிச்சை நாளில், அவளை நிற்க வைத்துக் காலில் பேனாவால் கோடு போட்டார்கள். "பேனாவா?" என்று அதிர்ந்தாள். கைப்பையிலிருந்து அம்பு ஸ்டிக்கரை எடுத்து நீட்டினாள். மருந்து போட்டுத் துடைக்கும்போது ஸ்டிக்கர் உரிந்துவிடும் என்று டாக்டர் விளக்கியபின், பெரிய மனதோடு மைக்கு அனுமதி கொடுத்தாள். திரை தெரியும்படி தலையணையை உயர்த்தச் சொன்னாள். உயர்த்தினார்கள்.

முதல் ஊசி முழங்கால் பக்கத்தில் இறங்கியது. திரையில், கருப்புக் குழாய்க்குள் ஒரு வெள்ளை இழை நுழைந்து மேலே ஏறியது. ஊக்கில் மாட்டிய நாடாவைப் பாவாடை இடுப்புக்குள் கோர்ப்பதுபோலவே இருந்தது. அவளுக்கே தெரிந்த வேலை. கொஞ்சம் தளர்ந்தாள். அப்போதுதான் தொடை நெடுக ஊசி, அதற்கு மேலே இன்னொரு ஊசி, பிறகும் ஊசி என்று குத்திக் குளிர்ந்த மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள்.

"நிறுத்துங்க" என்றாள். அறையே நின்றது. "ஒரு ஊசின்னு சொன்னீங்க."

டாக்டர் கையில் ஊசியோடு நின்றார். பக்கத்திலிருந்த உதவியாளர் ஏதோ சொல்ல வந்தார். டாக்டர் தலையசைத்து நிறுத்தினார்.

"உள்ள நுழையுற ஓட்டை ஒண்ணுதான்மா. ஆனா சூடு வெளிய படாம இருக்கவும், மரத்துப் போகவும், சுத்தி ஊசி நிறைய போடணும். அதை நான் சொல்லாம விட்டுட்டேன். என் தப்புதான்."

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவர் மேல் அம்பு ஒட்ட ஓர் இடம் தேடிக் கிடைக்காமல் தவித்ததுதான் அவளுடைய உண்மையான பயமாக இருந்திருக்க வேண்டும். குறையே இல்லாத சட்டை எதுவும் அவள் மேசைக்கு வந்ததில்லை. வந்தால் அதை எப்படிப் பாஸ் செய்வது என்று அவளுக்குத் தெரியாது. இப்போது குறை கிடைத்துவிட்டது. அதைத் தைத்தவரே ஒப்புக்கொண்டும் விட்டார். தலையணையில் தலையைச் சாய்த்தாள்.

"பரவாயில்ல. சின்ன விஷயம்" என்றாள்.

வெள்ளை இழை சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. அது விட்டுப்போன இடத்தில் கருப்புக் குழாய் சுருங்கி மூடிக்கொண்டு வந்ததை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். "கருகுற வாசனை வருதா?" என்று ஒரு முறை கேட்டாள். வரவில்லை என்றார்கள். தானும் முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

முடிந்ததும் இறுக்கமான நீளக் காலுறையை மாட்டி, வராந்தாவில் நடக்க விட்டார்கள். நடந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, காலுறையின் பின்தையலைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பிசிறு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உதவியாளர் தாளோடு வந்து, "ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?" என்றார். அவள் பிசிறையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

புண் அவசரப்படவில்லை. வாரக்கணக்கில் மருந்து மாற்றிக் கட்டினார்கள். ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் உள்நோக்கி நகர்ந்தது. அவள் தினமும் மாலை விளக்கின் கீழே காலை நீட்டிப் பார்ப்பாள். கணவர் கேட்பார், "பாஸா?" "ஆல்டர்" என்பாள். ஒரு நாள் பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டாள். மறுநாள் டாக்டரிடம் போய், ஆறிவிட்டது என்று தாள் வாங்கி வந்தாள்.

சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் வருவதற்கு முந்தின வாரம் தாள் மேலாளர் கைக்குப் போயிற்று. அவர் "மேசை உங்களோடதுக்கா" என்று மட்டும் சொன்னார்.

அவள் மேசைக்குப் போனபோது நாத்தனார் கைகளைத் தூக்கிக் கும்பிட்டாள். "வந்துட்டீங்களா தாயே. உங்க இடத்துல நின்னு நின்னு உயிரே போச்சு. இதுல எதை விட்டாலும் அண்ணி என்னைக் கொன்னுடுவாங்கன்னு பயந்து எல்லாத்துக்கும் அம்பு ஒட்டினேன்."

"நீயா கேட்டுத்தானே வந்தே?"

"ஆமா, நான்தான் கேட்டேன். வேற யாராவது வந்து நின்னா திரும்பத் தருவாங்களா? அண்ணிக்கு இதை விட்டா என்ன இருக்கு? அண்ணனைச் செக் பண்ணியே மிச்சக் காலத்தை ஓட்டுவீங்களோ?"

பூதக்கண்ணாடி இதை முழுதாக நம்பிவிடவில்லை. ஆனால் நாத்தனார் மேசையை விட்டு விலகி நடந்தபோது ஒன்றைக் கவனித்தாள். இந்தக் கோடையிலும் நாத்தனாரின் இடது காலில் தடித்த காலுறை.

"நில்லுடி. காலுறையைக் கீழ இறக்கு."

"எதுக்கு அண்ணி?"

"இறக்குன்னா இறக்கு."

இறக்கினாள். பழைய தழும்பு வெளுத்து அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில், புதிதாக வேறு வழி கண்டுபிடித்து, பச்சை நரம்பு நெளிந்து இறங்கியிருந்தது. கணுக்காலின் உட்பக்கம் தோல் கருக்கத் தொடங்கியிருந்தது. இத்தனை நாளும் தெருவே வந்து பார்த்த வைத்தியத்தின் பெருமையைப் பேசியவள், அதற்குப் பிறகு வந்ததை ஒருவருக்கும் காட்டவில்லை.

"எவ்வளவு நாளாடி?"

"இஸ்திரியில நிக்கிறப்பவே இருந்துச்சு. இங்க வந்து அதிகமாயிடுச்சு. சொன்னா, வெட்டின வைத்தியம் வீணாப்போச்சான்னு நீங்க கேட்பீங்கல்ல."

பூதக்கண்ணாடி கேட்கவில்லை. கையில் இருந்த அம்பு ஸ்டிக்கரை நாத்தனார் கால் மேல் ஒட்டவும் இல்லை. ஆல்டர் கூடையைத் தூக்கித் தரையில் வைத்தாள். அதற்கு அடியில் அத்தனை நாள் சும்மா இருந்த நாற்காலியை இழுத்து நாத்தனார் பக்கம் போட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் நாத்தனாரை வேனில் ஏற்றி அதே டாக்டரிடம் கூட்டிப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து, நாத்தனாருக்காக எல்லாச் சந்தேகத்தையும் முதலிலிருந்து கேட்டாள்.